சஹனை விட்டிறங்கிய பூக்கள்

முதலில் கேட்டது ஒரு சத்தம்தான். டிண். வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பைச் சுண்டுவிரல் நகத்தால் தட்டினால் வருமே, அது மாதிரி. ஆனால் அதைவிட ஈரமாக, கிணற்றுக்குள் யாரோ தட்டி நாம் மேலே நின்று கேட்பது மாதிரி. லுஹர் தொழுகை முடிந்து மரைக்கான்பட்டணத்து ஆண்கள் எல்லோரும் உண்டு சாய்ந்துவிட்ட பின்மதியம் அது, முடுக்குச் சந்தின் இரு பக்கத்துப் பின்கட்டுகளிலும் பெண்கள் சாமான் கழுவிக்கொண்டிருந்தார்கள், சத்தம் கேட்டதும் அத்தனை கைகளும் சாம்பலோடும் நாரோடும் அப்படியே நின்றன, ஏனென்றால் ஒவ்வொருத்திக்கும் அது தன் கையிலிருந்த ஏனம் விரிந்த சத்தமாகவே பட்டது. ஒவ்வொருத்தியும் ஏனத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, கீறல் இல்லை என்று கண்டு, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். மைமூன் மட்டும் தொடங்கவில்லை.

அவள் கையில் இருந்தது துருக்கிச் சஹன். சஹன் என்றால் எங்கள் ஊர் விருந்துகளில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகலத் தட்டு. மற்ற வீடுகளில் அது ஈயம் பூசிய செம்பாகவோ எவர்சில்வராகவோ இருக்கும், மைமூன் வீட்டில் மட்டும் பீங்கான். வெள்ளைத் தரையில் கடல் நீலமும் மயில் கழுத்து நீலமும் தக்காளிச் சிவப்பும் ஓடி, விளிம்பைச் சுற்றிலும் கூம்பு கூம்பாகவும் கொத்துக் கொத்தாகவும் பூக்கள் நிற்க, அவற்றுக்கிடையே அரத்தின் பல் போல ஓரம் வெட்டிய இலைகள் வளைந்து, நட்டநடுவில் பிளந்த மாதுளை ஒன்று உட்கார்ந்திருக்கும் தட்டு. அதன் விளிம்பில் ஒரு கூம்புப் பூவைக் காணோம். சில்லு பெயரவில்லை, சாயம் உரியவில்லை. அந்த இடத்தில் யாரும் எப்போதும் எதையும் வரையவே இல்லை என்பது போல வெள்ளை வழவழத்தது. மைமூன் கழுவிய தண்ணீரைத் துழாவினாள், அங்கணக் குழிக்குள் கைவிட்டுத் துழாவினாள், பிறகு ஈரக்கையோடு உட்பக்கம் திரும்பி, கட்டிலில் சாய்ந்திருந்த தன் புருஷனை ஒரு தரம் பார்த்துவிட்டு, தட்டை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் மொகுதூம் காக்கா சரக்குக் கப்பல்களில் பண்டாரியாக இருந்தவர், மாலுமிகளுக்குச் சமைத்துப் போட்டே முடி நரைத்தவர். அவருடைய பார்வை, வெயிலில் குட்டை வற்றுவது போல, ஓரங்களிலிருந்து உள்நோக்கி வற்றிக்கொண்டே வந்து, ஊரோடு வந்து தங்கிய பிறகு முழுதாக வற்றிவிட்டது. ஆளும் மரமும் கதவும் அவருக்கு ஒரே சாம்பல் நிற மூட்டம். அந்தச் சஹன் மட்டும் தெரிந்தது. மங்கலாக அல்ல, வாங்கிய நாளில் தெரிந்த அதே பளிச்சோடு. திருநெல்வேலிக் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து நரம்பு காய்ந்துபோய்விட்டது என்றார், தட்டு மட்டும் தெரிகிறது என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சிலருக்குப் பல் போன பிறகும் ஒரு பண்டத்தின் ருசி மட்டும் நாக்கில் நிற்கிறதில்லையா, அது போல என்று விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் மதியச் சாப்பாடுதான் பெருநாள். மைமூன் சஹன் நிறையச் சோற்றைப் பரப்பி, நடுவில் மீனாணக் குழம்பு ஊற்றி, எதிரே அமர்வாள். சோறு குறையக் குறையத் தோட்டம் வெளியே வரும். அவர் தன் பக்கத்துச் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி உண்டுகொண்டே, "லாலே வந்துட்டு," என்பார். கூம்புப் பூவுக்குத் துருக்கியில் அதுதான் பேராம். சற்று நேரத்தில், "இந்தா, உன் பக்கத்துல நீலக்கொத்து எட்டிப் பாக்குது, அந்த முள்ளை எடு, அது மூஞ்சியில கிடக்கு," என்பார். அந்த ஒரு வேளைக்கு அவர் கண்ணுள்ள மனிதர், அதிலும் அவளைவிடக் கண் கூர்மையான மனிதர்.

அந்தத் தட்டு வந்த கதை ஊருக்கே தெரியும், கேட்டவர்களிடமெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். கப்பல் பழுது பார்க்கத் துருக்கியில் கரையேற்றப்பட்டு நாள்கணக்கில் கிடந்தபோது, சும்மா இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறி, கூத்தாஹியா என்ற உள்நாட்டு ஊருக்குப் போயிருக்கிறார். அந்த ஊரில் வீட்டுச் சுவர், குழாயடி, பள்ளிவாசல் தூண் எல்லாமே பூப்போட்ட ஓடுதானாம். ஒரு பட்டறையில் எமினே என்ற பெண் சஹனுக்குப் பூ எழுதிக்கொண்டிருந்தாள். ஊசியால் குத்திய காகிதத்தைத் தட்டின்மேல் விரித்து, கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் ஒத்தி எடுத்தால் புள்ளி புள்ளியாய்ப் பூவின் நிழல் விழும். அதன்மேல் மயிர் போன்ற தூரிகையால் நீலக் கோடு இழுத்து, கோட்டுக்குள் நிறத்தைச் சொட்டவிடுவாள். நீலம் பச்சையெல்லாம் தண்ணீராய் ஓடும், சிவப்பு மட்டும் களிம்பு போலக் கெட்டியாக உட்கார்ந்து, சூளையில் வெந்த பிறகும் தரையைவிட்டுச் சற்று எழும்பி நிற்கும். இவருக்கு அவள் பேச்சு புரியாது, அவளுக்கு இவர் பேச்சு புரியாது. அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, இவருடைய விரலைப் பிடித்துச் சூளையிலிருந்து வந்த தட்டின் சிவப்பின்மேல் வைத்துத் தடவிக் காட்டினாள். குருடனுக்குக் காட்டுவது மாதிரி காட்டினாள், எனக்கே அப்போ தெரியாது, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ என்பார் காக்கா. வெளியே வரும்போது வாசற்படி அவர் கண்ணுக்குத் தெரியாமல் விழுந்தார். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டுதான் விழுந்தார்.

காணாமல் போன லாலே மறுநாள் பல்கீசு வீட்டில் கிடைத்தது. பல்கீசு அடுத்த வீடு. முடுக்கில் யார் வீட்டு ஆணத்தில் உப்புக் கூடினாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அவளுடைய துணி துவைக்கும் கல்லில், கடல் நீலக் கோட்டுக்குள் சிவப்பு எழும்பி, கூம்புப் பூ நின்றது. தேய்த்தால் போகவில்லை. வெள்ளாவிக்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. பல்கீசு இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தது, ஒரு நல்ல இடமாப் பாத்து உக்காரக்கூடாதா, இனி இதுமேல எப்படி நான் கைலியை அடிச்சுத் துவைக்க என்று சொல்லி, அன்று முதல் கல்லின் மறுபக்கத்தில் துவைத்தாள்.

அதன்பிறகு மைமூன் சஹனைக் கழுவும்போதெல்லாம் டிண் என்றது, ஒரு பூ போனது. ஜெய்னம்பு வீட்டுப் பால்செம்பின் வயிற்றில் நீலக்கொத்து ஏறியது. படுக்கையிலிருக்கும் கதிஜம்மாளின் தலைமாட்டுச் சுவரில் கத்தரித்த ஓரமுள்ள சிவப்புப் பூ ஏறியது. கல்யாணமாகிச் சில நாளேயான ஒரு பெண்ணின் பத்தமடைப் பாயில், கோரையும் பட்டும் ஊடுபோன இழைகளுக்கு நடுவே, யாரும் நெய்யாத இலை ஒன்று வளைந்து கிடந்தது. எல்லாமே முடுக்கில்தான் விழுந்தன. முடுக்கு என்பது எங்கள் ஊரில் வீடுகளின் முதுகுப்புறமாக, பின்வாசலுக்குப் பின்வாசல் ஓடும் பெண்கள் பாதை. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும், கல்யாண வீட்டுக்கும், இழவு விழுந்த மையத்து வீட்டுக்கும் அதன் வழியாகவே போய் வருவார்கள். ஆண்களுக்குத் தெரு. விவரம் தெரியும் வயது வந்த எந்த ஆணும் முடுக்கில் கால் வைப்பதில்லை, அதன் சுவர் என்ன நிறம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஜமாஅத் செயலாளர் தாவூது சாகிபுக்கு இது மனத்தாங்கலாகிவிட்டது. இவ்வளவு அழகான பூ எல்லாம் கொல்லைப்புறத்துக்கே போனால் எப்படி, ஒன்றாவது பள்ளியின் ஹவுளுக்கு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டிக்கு, வரவேண்டாமா என்றார். பூ கழுவின தண்ணீரோடு போகிறது, தண்ணீர் அங்கணத்தோடு போகிறது, அங்கணம் முடுக்குச் சாக்கடையோடு போகிறது, ஆகவே வாட்டத்தை மாற்றினால் பூவும் மாறும் என்று கணக்குப் போட்டு, கொத்தனாரை வைத்து மைமூன் வீட்டுப் பின்கட்டிலிருந்து, முடுக்கைத் தொடாமல், தெரு வழியாகப் பள்ளிவாசல் வரை புதுக் கால்வாய் வெட்டவைத்தார். ஊரே பள்ளித் தொட்டியைச் சுற்றி வந்து நின்று பார்த்தது. மைமூன் சஹனைக் கழுவினாள், டிண் என்றது, பூ போனது; தொட்டிக்கு மீன் செதிலும் வெங்காயத் தோலும் மட்டும் வந்து சேர்ந்தன. பூ, சாக்கடையே போகாத ஒரு வீட்டின் ஊஞ்சல் பலகையில் போய் உட்கார்ந்திருந்தது. கால்வாயைத் தூர்க்க இன்னும் அதிக நாள் பிடித்தது.

இத்தனைக்கும் நடுவில் மைமூன் உருகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பூவும் போகும்போது அவருடைய கண்ணில் ஒரு பங்கு போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்சநாள் கழுவாமல் துடைத்து வைத்தாள், எறும்பு மொய்த்தது. கொஞ்சநாள் சஹனை எடுக்காமல் வேறு தட்டில் வைத்தாள், அவர் பாதிச் சோற்றில் எழுந்துபோனார். அப்புறம் ஒருநாள் அழுதுகொண்டே அவளே சொன்னாள், உங்க தட்டு வெளுக்குது, நான்தான் கழுவிக் கழுவி வெளுக்க வைக்கிறேன் என்று.

"தெரியும்," என்றார் அவர். "பல்கீசு ராத்தா வீட்டுக் கல்லுல ஒரு லாலே நிக்குது. பின்வாசல்ல நின்னா தெரியுது. அதைச் சுத்தி ஒரு சாணும் தெரியுது. கல்லுல சவுக்காரம் ஒட்டியிருக்கு, சொல்லிரு."

மைமூன் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒட்டியிருந்தது.

பூவும், பூவைச் சுற்றி ஒரு சாணும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது, ஆனால் எந்தத் தூரத்திலும் எந்தச் சுவரிலும் அது தெரிந்தது, மூட்டத்துக்குள் யாரோ சிறு ஜன்னல்களைத் திறந்துவிட்டது போல. அவர் சுவரைத் தடவிக்கொண்டு பின்வாசல் தாண்டினார், முடுக்கில் கால் வைத்தார். ஓர் ஆண் முடுக்கில் நடக்கிறான் என்ற செய்தி அவர் மூன்றாவது வாசலைத் தொடும் முன்பே கடைசி வாசலுக்குப் போய்விட்டது. கதவுகள் அடைபட்டன, கொடியில் கிடந்த துணிகள் உள்ளே இழுபட்டன. அவர் ஜெய்னம்புவின் பால்செம்புக்கு முன்னால் போய் நின்று, சின்னப்பிள்ளை மாதிரிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தாவூது சாகிபு முடுக்கு முனைக்கு வந்தார். உள்ளே வர முடியாது, ஆகவே முனையில் நின்று, முதுகைக் காட்டியபடி, இது ஒழுங்கில்லை, நாளைக்கு ஆளாளுக்குக் கண் தெரியவில்லை என்று கிளம்பினால் என்ன செய்வது, ஜமாஅத் கூடிப் பேச வேண்டியிருக்கும் என்றார். உள்ளேயிருந்து பல்கீசுவின் குரல் வந்தது.

"தெரு உங்க ஜமாஅத்து. முடுக்கு எங்க ஜமாஅத்து. நாங்க பேசி முடிச்சாச்சு. மொகுதூம் காக்கா வரலாம். அவுகளுக்குப் பூவும் பூவைச் சுத்தி ஒரு சாணும்தான் தெரியும். அந்த ஒரு சாணுக்குள்ள எவ வந்து நிக்கிறாளோ, அது அவ பாடு."

உள்ளே சிரிப்புக் கிளம்பியது. தாவூது சாகிபு, வெளியே காட்டிக்கொள்ளாமல், குடையை விரித்துக்கொண்டு போனார். மழையும் இல்லை, வெயிலும் சாய்ந்திருந்தது.

அப்படித்தான் அது தொடங்கியது. எவள் முதலில் செய்தாள் என்று தெரியவில்லை, எல்லோரும் மற்றவளைத்தான் சொல்கிறார்கள். காக்கா பார்க்கிற அந்த ஒரு சாணுக்குள் அழுக்கு இருக்கக்கூடாது என்று ஒருத்தி பால்செம்பைப் புளிபோட்டு விளக்கினாள். விளக்கியது வெறிச்சோடித் தெரிகிறதே என்று இன்னொருத்தி தன் வீட்டுப் பூவுக்குப் பக்கத்தில், தான் முடைந்த ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள், குருத்தோலையில் ஊதாவும் மஞ்சளும் ஏற்றிச் சதுரம் சதுரமாய்ப் பின்னிய பெட்டி. அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரி, தொப்பிக்கு நூல் வேலை செய்கிறவள், வெள்ளையில் வெள்ளை நூலால் மல்லிகை போட்ட தொப்பியை ஊஞ்சல் சங்கிலியில் மாட்டினாள். சோறு மூடும் ஓலை மூடி வந்தது, கண்ணாடிச் சில்லு பதித்த விசிறி வந்தது, மருதாணி காய்ந்த உள்ளங்கை ஒன்று தற்செயலாக வந்தது போல வந்து ஒரு கணம் நின்று ஓடிப்போனது. காக்கா ஒவ்வொரு ஜன்னலாய்ப் போய் நின்று, நிதானமாகப் பார்த்து, பார்த்ததைச் சொன்னார். இந்த மூடியில் பச்சை ஓலைக்குப் பக்கத்திலேயே சிவப்பை ஓடவிட்டிருக்கே, துருக்கியிலும் அந்தப் பொம்பளை அப்படித்தான் செய்தாள், அப்போதான் சிவப்புக்கு உயிர் வரும், யார் முடைந்தது? பாயோட ஓரத்தில் இழை எண்ணம் தப்பியிருக்கு, ஆனா தப்பினதும் அழகாத்தான் இருக்கு, இதை அவிழ்த்திராதே. அடைத்த கதவுகளுக்குப் பின்னால் பெண்கள் காதை வைத்துக் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பின்னியும் முடைந்தும் தைத்தும் வந்தவர்களுக்கு, அது நல்லா இருக்கு என்று ஒருவர் நின்று சொல்லிக் கேட்பது புதிதாக இருந்தது. கதிஜம்மாள் படுக்கையிலிருந்தபடி, தன் கல்யாணத்துப் பூத்தையல் துப்பட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவர்ப் பூவுக்குக் கீழே விரிக்கச் சொன்னாள். இதையெல்லாம் கேள்விப்பட்ட புருஷன்மார் சிலர், அன்று மாலை வீட்டில் சோறு மூடியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எப்போ வாங்கினது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மைமூன் மறுபடி தினமும் கழுவத் தொடங்கினாள். அழாமல் கழுவினாள். போகிற பூ அவருக்கு இன்னொரு ஜன்னல் என்று தெரிந்துவிட்டதே. ஆனாலும் அவள் மனத்தில் ஒன்று உறுத்தியது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பூ எல்லா வீட்டுக்கும் போனது, அவள் வீட்டில் மட்டும் எங்கும் விழவில்லை. அவர் பகல் முழுக்க முடுக்கில் திரிந்துவிட்டு வந்து, இன்னார் வீட்டு விசிறியையும் இன்னார் வீட்டுத் தொப்பியையும் சொல்லச் சொல்ல, அவள் அடுப்படி மூட்டத்துக்குள் ஒரு குரலாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கடைசியாக முழுசாகப் பார்த்தபோது அவள் கன்னம் ஒட்டவில்லை, முன்நெற்றி நரைக்கவில்லை. பார்க்காமலிருப்பதே நல்லது என்று ஒரு நாள் நினைப்பாள், ஒரே ஒரு தரம் பார்த்தால் என்ன என்று மறுநாள் நினைப்பாள். கழுவும்போது முகத்தைச் சஹனுக்கு மிக அருகில் கொண்டுபோவாள். பல்கீசு இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கன்னத்துல வந்து ஒட்டிக்கிடும்னு பாக்குறாளாக்கும், பாவி, மூக்குத் தண்ணிக்குள்ள போயிறப் போகுது என்று சுவருக்கு மேலே தலைநீட்டிச் சொன்னாள், அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஒட்டட்டும் புள்ளெ, ஒட்டட்டும் என்றாள். ஒட்டவில்லை.

விளிம்பு முழுக்க வெளுத்து, இலைகளும் போய், நடுவில் மாதுளை மட்டும் மிஞ்சிய நாளில் ஊருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாவூது சாகிபு, பழசை எல்லாம் மறந்துவிட்டு, ஹவுளுக்கு ஒன்று கேட்டு ஆளனுப்பினார். ரொட்டிக்கடைக்காரர் அது தன் கடைப் பலகைக்கு வரும்படி துஆக் கேட்கச் சொன்னார். பெண்கள், மைமூனின் அடுக்களைக்கே அது வரட்டும் என்று நேர்ந்துகொண்டார்கள். மைமூன் சஹனை முன்னால் வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், மாதுளை எங்கே போனா உங்களுக்குப் பிடிக்கும் என்று அவரிடமே கேட்டாள்.

அவர் யோசிக்கவில்லை. "கடலுக்குப் போனா நல்லாயிருக்கும். ஒரு தரம் பாத்துக்கிடலாம்."

எங்கள் ஊரில் கப்பல்காரர்களின் பெண்டாட்டிமார் கடலைச் சக்களத்தி என்பார்கள். விளையாட்டுப் பேச்சுதான். மைமூனுக்கு அன்று அது விளையாட்டாக இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வயதில் பெரும்பங்கை அந்தக் கடல் உண்டது, அவருடைய கண்ணைக்கூட அதன் உப்புக்காற்றுதான் உண்டது என்று அவள் நம்பினாள். கடைசியாக மிஞ்சியிருக்கிற ஒரு பூவையும் அதற்கே கேட்கிறார். பார்த்தால் அவர் மனம் அதன் பின்னாலேயே போய்விடும், உடம்பு மட்டும் இந்தக் கட்டிலில் கிடக்கும் என்று பயந்தாள். அவள் சஹனைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அடுக்களைப் பரணுக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். அவருக்கு ஓர் எவர்சில்வர் தட்டில் சோறு வைத்தாள், தனக்கு வேறொரு தட்டில் வைத்துக்கொண்டாள். அவரும் அதன்பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். கேட்காததால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முடுக்கில் அவர் நடப்பதும் குறைந்தது. பெண்கள் தங்கள் விசிறிகளை மாற்றி மாற்றி வைத்துக் காத்திருந்தார்கள்.

அப்படி ஒரு மதியம் மீன்காரி நேரங்கழித்து வந்தாள். மைமூன் அவருக்குச் சோற்றை வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் அரிவாள்மணையைப் போட்டு, ராச்சாப்பாட்டுக்குச் சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவர் சாப்பிடுவது தெரிந்தது. அவர் எவர்சில்வர் தட்டில் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார், குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார், பார்த்தார். பிறகு, யாரோ பார்த்துவிட்டார்களோ என்பது போல, ஒதுக்கிய சோற்றைப் பழையபடி விரலால் கூட்டிச் சேர்த்து வைத்தார்.

மைமூன் எழுந்து கையைக் கழுவினாள். ஆணியிலிருந்து சஹனை எடுத்துத் துணியை அவிழ்த்தாள். அவருடைய தட்டிலிருந்த சோற்றை அதில் தட்டி, தன் பங்கையும் போட்டு, எதிரே அமர்ந்தாள். இருவரும் உண்டார்கள். மாதுளை வெளியே வந்தது. அவர் கண்டுகொண்டார் என்பது அதன்மேல் கிடந்த பருக்கைகளை அவர் ஒதுக்கியதில் தெரிந்தது. உண்டு முடிந்ததும் அவள் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் சஹனையும் ஒரு கையில் அவர் மணிக்கட்டையும் பிடித்தாள்.

"எழும்புங்க."

"எங்கெ?"

"சாமான் கழுவணும்."

"பின்கட்டு அந்தப் பக்கமில்லையா?"

"இன்னைக்கு இந்தப் பக்கம்."

முன்வாசல் வழியாக, தெரு வழியாக, பட்டப்பகலில் எச்சில் சஹனைச் சுமந்துகொண்டு ஒரு பெண் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துப் போவதை மரைக்கான்பட்டணம் அதுவரை பார்த்ததில்லை. சாய்ந்து கிடந்த ஆண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஸலாம் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டார். தெருவுக்கு இணையாக முடுக்கில் பெண்கள் ஓடினார்கள், காலடிச் சத்தம் மட்டும் சுவர்களுக்குப் பின்னால் கூடவே வந்தது. மணல் சுட்டது. அவர் செருப்பில்லாமல் வந்துவிட்டதை மைமூன் அப்போதுதான் பார்த்து, நீர்க்கரை ஈரத்தில் அவரை நிறுத்தினாள். கடல் சத்தம் எதிரே பெரிதாக இருந்தது. அவர் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நின்றார்.

அவள் முழங்கால் வரை இறங்கினாள். ஓர் அலை போய் இன்னொன்று வரும் இடைவெளியில் சஹனை நீரில் அமிழ்த்தி, உள்ளங்கையால் மாதுளையின்மேல் ஒரு சுற்றுச் சுற்றித் தேய்த்தாள். முகத்தை அருகில் கொண்டுபோகவில்லை. நிமிர்த்தியே வைத்திருந்தாள், எதிரே பார்த்தபடி.

டிண் என்றது. அலை இருந்தும் கேட்டது.

மாதுளை தண்ணீர்மேல் விரிந்து கிடந்தது. சிவப்பு மணிகள் பளபளக்க, நீலக் கோடு கலையாமல், அலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, வற்றும் நீரோடு மெல்ல உள்ளே நகர்ந்தது. மைமூன் பின்னோக்கி நடந்து வந்து, அவருடைய மணிக்கட்டை மறுபடி பிடித்தாள், இப்போது இறுக்கமாக.

"தெரியுதா?"

"தெரியுது."

"கடலு?"

"ஒரு சாண் தெரியுது. பச்சையா இருக்கு. நான் கறுப்புன்னு நினைச்சிருந்தேன்."

அவர் நின்று பார்த்தார். அவர் கால் முன்னால் நகர்கிறதா என்று அவள் அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகரவில்லை. பூ வெகுதூரம் போன பிறகு அவர் முகம் திருப்பாமலே பேசினார்.

"மைமூனு, நான் கப்பல் மேல நின்னு கரை போறதைத்தான் பாத்திருக்கேன். கரையில நின்னு ஒண்ணு போறதைப் பாத்ததே இல்ல. ஒவ்வொரு தரமும் நீ இப்படித்தான் பாத்துக்கிட்டு நின்னியா? அதைத்தான் ஒரு தரம் பாக்கணும்னு இருந்தது. நீ நின்ன இடம் இதுதானா?"

மைமூன் முடுக்கு முனைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இது இல்ல. நாங்க இவ்வளவு தூரம் எங்கெ வந்தோம்? முடுக்கு முனையில நிப்போம். ரெண்டு சுவத்துக்கு நடுவுல பாத்தா, எனக்கும் ஒரு சாண்தான் தெரியும்."

அவர் தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையின்மேல் மற்றக் கையை வைத்தார். முடுக்கு முனையில், சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்பதை மறந்து, பெண்கள் நின்றிருந்தார்கள். தெருப் பக்கம் ஆண்கள் நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் கடலைப் பார்த்தார்கள், எங்களுக்கு அது எங்கும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. "போயிட்டு," என்றார் மொகுதூம் காக்கா. இருவரும் திரும்பி நடந்தார்கள். சுடுமணலில் அவர் கால் எடுத்து எடுத்து வைக்க, மைமூன் தன் செருப்பைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டாள், அது அவருக்குக் குதிகாலில் பாதிதான் எட்டியது.

வீட்டில், அரிவாள்மணையடியில் பூனை ஒரு மீனை இழுத்துப் போயிருந்தது. மைமூன் வெள்ளைச் சஹனைத் துடைத்து, துணி சுற்றாமல், எடுக்கக் கையெட்டும் இடத்தில் சாத்தி வைத்தாள். அவர் சுவரோரமாக அமர்ந்து பூண்டுக் கூடையைத் தடவி இழுத்து, பண்டாரிக் கையால் பல் பல்லாகப் பிரித்து உரிக்க ஆரம்பித்தார். அவள் ஈரப் புடவையை முழங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு மணையில் குந்தி, மிச்சமிருந்த சாளையில் ஒன்றை வால்பக்கம் பிடித்து, செதிலை உரசினாள்.